நாற்பது ஊசிகளில் எது எது?

ராஸ்பெர்ரி பை கணினிப் பலகையில் ஒரு சிறிய எல்இடி விளக்கை, மின்தடையுடன் சேர்த்து இணைக்கிறீர்கள். நிரலில் 17 என்று எழுதுகிறீர்கள். கம்பியைப் பலகையின் 17ஆம் ஊசியில் செருகுகிறீர்கள். நிரலில் பிழையே இல்லை. ஆனால், ‘அணை’ என்று கட்டளையிட்டாலும் விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. ஏன்?

2014இல் வெளிவந்த பி பிளஸ் பலகை முதல், ராஸ்பெர்ரி பையின் பெரிய பலகைகளில் 40 ஊசிகள் இரண்டு வரிசைகளாக நிற்கின்றன. இவற்றின் அருகே எண்கள் வரிசையாக அச்சிடப்பட்டிருக்காது. நாமே எண்ண வேண்டும்.

யுஎஸ்பி துளைகள் உங்களை நோக்கியும் ஊசிகள் வலப்பக்கமும் இருக்குமாறு பலகையை மேசையில் வையுங்கள். உள்வரிசையில் மேலே இருப்பது 1ஆம் ஊசி; அதற்கு வலப்புறம், பலகையின் ஓரத்தில் இருப்பது 2ஆம் ஊசி. உள்வரிசை முழுவதும் ஒற்றைப்படை, ஓர வரிசை முழுவதும் இரட்டைப்படை. ஐயமாக இருந்தால் பலகையைத் திருப்பிப் பாருங்கள்: 1ஆம் ஊசி பற்றவைக்கப்பட்ட இடம் சதுரமாக இருக்கும், மற்றவை வட்டம்.

இப்போது விளக்குக்கு வருவோம். ஒவ்வொரு ஊசிக்கும் இடத்தைக் குறிக்கும் எண் ஒன்று உண்டு. நிரலால் கட்டுப்படுத்தக்கூடிய ஊசிகளுக்கு ஜிபிஐஓ எண் என்று இன்னோர் எண்ணும் உண்டு. பைத்தானில் பலரும் பயன்படுத்தும் ஜிபிஐஓ ஜீரோ நூலகம் இரண்டாவது எண்ணையே எடுத்துக்கொள்ளும். ஜிபிஐஓ 17 இருப்பது 11ஆம் ஊசியில். நீங்கள் செருகிய 17ஆம் ஊசியோ எப்போதும் 3.3 வோல்ட் தரும் மின்வழங்கி. அதனால்தான் விளக்கு அணையவில்லை.

இந்தத் தவற்றில் பலகைக்குச் சேதமில்லை. ஆனால், எல்லாத் தவறுகளும் இப்படி முடிவதில்லை. 2, 4ஆம் ஊசிகள் 5 வோல்ட் தருபவை. ஜிபிஐஓ ஊசிகள் தாங்குவதோ 3.3 வோல்ட்தான். ஒரு கம்பி தவறுதலாக 5 வோல்ட்டை அவற்றுக்குக் கொண்டுபோனால் சில்லு கருகிவிடலாம்.

5 வோல்ட்டில் இயங்கும் ஆர்டுவினோ ஊனோவில் பழகியவர்கள் இங்கே கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும். தொலைவை அளக்கும் எச்சி-எஸ்ஆர்04 மீயொலி உணரி அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் ‘எக்கோ’ முனை 5 வோல்ட் சைகையை அனுப்பும். ஊனோவில் நேராகச் செருகலாம், இங்கே கூடாது. எக்கோவுக்கும் ஜிபிஐஓ ஊசிக்கும் இடையே 1 கிலோ ஓம் மின்தடையையும், அதே ஜிபிஐஓ ஊசிக்கும் தரை ஊசிக்கும் இடையே 2 கிலோ ஓம் மின்தடையையும் இணையுங்கள். 5 வோல்ட்டில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது ஏறக்குறைய 3.3 வோல்ட் மட்டுமே ஊசியை அடையும்.

தரை ஊசிகள் மொத்தம் எட்டு: 6, 9, 14, 20, 25, 30, 34, 39. இவற்றை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ராஸ்பெர்ரி பை இயங்குதளத்தின் கட்டளைத் திரையில் ‘பின்அவுட்’ என்று ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டினால், உங்கள் பலகையின் ஊசி வரைபடமே தோன்றும். அதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, பலகையை முறையாக அணைத்து மின்சாரத்தைத் துண்டியுங்கள். பிறகு கம்பிகளை மாற்றுங்கள். மீண்டும் மின்சாரம் கொடுக்குமுன் 1ஆம் ஊசியிலிருந்து இன்னொரு முறை எண்ணிப் பாருங்கள்.

அந்த விளக்கின் கம்பியை 11ஆம் ஊசிக்கு மாற்றுங்கள். இம்முறை ‘அணை’ என்றால் அணையும்.