நட்சத்திரக் குறிச்சீட்டு
நட்சத்திரக் குறிச்சீட்டு என்பது வீட்டு மின்கருவியின் ஆற்றல் திறனை ஒன்று முதல் ஐந்து நட்சத்திரங்களால் காட்டும் ஒட்டுச்சீட்டு ஆகும். இந்திய அரசின் ஆற்றல் திறன் பணியகம் (பி.ஈ.ஈ.) 2006 இல் இதனை அறிமுகப்படுத்தியது. உறைபனி படியாத குளிர்பதனப் பெட்டி, அறைக் குளிரூட்டி (ஏ.சி.), குழல்விளக்கு ஆகியவற்றுக்கு 2010 சனவரி 7 முதலும், கூரை மின்விசிறிக்கு 2023 முதலும் இது கட்டாயமாக்கப்பட்டது.

குளிரூட்டியின் சீட்டில் உள்ள ஆண்டு மின்நுகர்வு 1600 மணிநேரப் பயன்பாட்டுக்கு உரியது. புழுக்கம் மிகுந்த தாம்பரம், குரோம்பேட்டை வீடுகளில் இரவுக்கு 8 மணிநேரம் ஓடினால் 200 நாட்களிலேயே அக்கணக்கு முடிந்துவிடும். தமிழ்நாட்டில் இருமாத நுகர்வு 500 அலகைத் தாண்டினால் கீழ்ப்படி அலகுகளின் கட்டணமும் கூடுவதால் இது சிறிய வேறுபாடு அன்று. தர அளவுகோலும் அவ்வப்போது கடுமையாக்கப்படுகிறது. 2022 சூலையில் ஐந்து நட்சத்திரக் குளிரூட்டி நான்காக இறங்கியது. எனவே சீட்டில் அச்சிட்ட காலத்தையும் பார்த்தே ஒப்பிட வேண்டும்.