“உனக்குப் பதினெட்டு வயசாச்சா?” கேட்கிறது கம்ப்யூட்டர்!

லீவு விட்டாச்சு. வெளியே கொளுத்துகிற வெயில். பிள்ளை எங்கேயும் சுற்றப் போகாமல் ஹாலில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் விளையாடிக்கொண்டிருக்கிறான். ‘அப்பாடா, கண் முன்னாலேயே பத்திரமா இருக்கான்’ என்று அம்மா சமையலறைக்குப் போய்விடுகிறாள். அப்பா பேப்பரில் மூழ்கிவிடுகிறார்.

பத்திரமாகத்தான் இருக்கிறானா?

ஒரு காலத்தில் கேம் என்றால் கடைக்குப் போய் சிடி வாங்கி வரவேண்டும். இப்போது அப்படி இல்லை. உலகத்தின் எந்த மூலையில் இருப்பவரும் ஒரு விளையாட்டைத் தயாரித்து இன்டர்நெட்டில் போடலாம். யார் வேண்டுமானாலும் எடுத்து விளையாடலாம். இதற்கென்றே பெரிய பெரிய தளங்கள் இருக்கின்றன. 2003-ல் தொடங்கிய ‘ஸ்டீம்’, 2013-ல் தொடங்கிய ‘இட்ச் டாட் ஐஓ’ இரண்டும் பிள்ளைகள் பேச்சில் அடிக்கடி அடிபடுகிற பெயர்கள். மூளைக்கு வேலை தரும் புதிர்கள், மாணவர்களே செய்த குட்டி விளையாட்டுகள் என்று நல்ல சரக்கு அங்கே ஏராளம். அதே கடையில், இரண்டு அலமாரி தள்ளி, பெரியவர்களுக்கான பாலியல் சரக்கும் இருக்கிறது. அதுதான் விஷயம்!

‘சித்த வைத்தியருக்கு இதில் என்ன வேலை?’ என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

வயிற்றுவலி என்று வந்த பையன்

ஏழாம் வகுப்புப் படிக்கிற பையனை ஓர் அம்மா அழைத்து வந்தார்.

“ஒரு மாசமா சரியாவே சாப்பிடறதில்லை டாக்டர். வயித்தை வலிக்குதுங்கிறான். ராத்திரி தூங்கவும் மாட்டேங்கிறான். பூச்சி மருந்துகூட கொடுத்துப் பாத்துட்டோம். பித்தமா இருக்குமோ?”

நாடி, நாக்கு, கண் எல்லாம் பார்த்தேன். கோளாறு எதுவும் தெரியவில்லை. எங்கள் எண்வகைத் தேர்வில் ‘மொழி’ என்று ஒன்று உண்டு. நோயாளியின் பேச்சையும் குரலையும் கவனிப்பது. இந்தப் பையனிடம் பேச்சே இல்லை. எதைக் கேட்டாலும் அம்மாவின் முகத்தைப் பார்த்தான். அம்மா மருந்து வாங்க கவுன்டருக்குப் போன நேரத்தில் மெதுவாகப் பேச்சுக் கொடுத்தேன். ‘என்ன கேம் விளையாடுவே தம்பி?’ என்றதும் முகம் மாறியது.

“கார் கேம்னுதான் அங்கிள் தேடினேன்... வேற ஏதோ வந்துடுச்சு. அப்புறம் அது மாதிரியே நிறைய வந்துச்சு. அம்மாகிட்ட சொன்னா லேப்டாப்பைப் பிடுங்கிடுவாங்க. அடிப்பாங்க.”

பார்த்தீர்களா? படம் கொடுத்த அதிர்ச்சி ஒரு பங்கு என்றால், அதை யாரிடமும் சொல்ல முடியாத பயம் மூன்று பங்கு. ஒரு மாதமாக அந்தப் பயத்தைத்தான் பையன் வயிற்றில் சுமந்திருக்கிறான். அவனிடம் சம்மதம் கேட்டுக்கொண்டு, அம்மாவை உட்காரவைத்து நிதானமாகச் சொன்னேன். நல்லவேளை, அந்த அம்மா திட்டவில்லை. பிள்ளையின் தலையைத் தடவினார். அதற்கப்புறம்தான் பையன் அழுதான். அடுத்த வாரம் வந்தபோது இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிடுவதாகத் தகவல்!

சீட்டு ஒட்டுவது யார்?

எட்டிக்கொட்டை, சேராங்கொட்டை, நேர்வாளம் இவையெல்லாம் நச்சுத்தன்மை உள்ள மூலப்பொருள்கள். முறைப்படி சுத்தி செய்துதான் மருந்தில் சேர்க்கிறோம். அப்படியும், இவை சேர்ந்த உள்மருந்து டப்பாவில் ‘எச்சரிக்கை: மருத்துவரின் மேற்பார்வையில் உட்கொள்ளவும்’ என்று அச்சிட வேண்டும் என்கிறது சட்டம். சரி, அந்த டப்பாவை நடுவீட்டில் திறந்து வைத்துவிட்டால்? டப்பாவைத் திறப்பது தாத்தாவா, பேரனா என்று சீட்டுக்குத் தெரியுமா?

கேம் தளங்களின் எச்சரிக்கையும் இதே கதைதான். ‘இது வயது வந்தோருக்கானது’ என்று திரையில் ஒரு அறிவிப்பு வரும். ஸ்டீமில் பிறந்த தேதியைக் கேட்கும். பையன் 1960 என்று தட்டினால் கம்ப்யூட்டர் அதை நம்பி வழி விட்டுவிடும்! வேறு தளங்களில் ‘சரி, காட்டு’ என்று ஒரு பட்டனைத் தட்டினாலே போதும். கேட்பது மட்டும்தான் அதன் வேலை, சரிபார்ப்பது இல்லை. பிரிட்டனில் 2023-ல் வந்த ஆன்லைன் பாதுகாப்புச் சட்டத்தால், அங்கே இருப்பவர்கள் வயது வந்தோர் பக்கங்களைப் பார்க்க கிரெடிட் கார்டு வைத்திருக்க வேண்டும் என்று ஸ்டீம் 2025-ல் ஏற்பாடு செய்தது. அது அந்த நாட்டோடு சரி.

அந்தச் சீட்டை ஒட்டுவது யார் என்பது அடுத்த கேள்வி. கேம்களுக்கு வயது முத்திரை கொடுக்க அமெரிக்காவில் 1994-லும் ஐரோப்பாவில் 2003-லும் தனி அமைப்புகள் வந்தன. செல்போனில் ப்ளே ஸ்டோரைத் திறந்தால் 3+, 7+, 12+, 16+, 18+ என்று பார்க்கிறோமே, அது அந்த வழியில் வந்ததுதான். ஆனால் பகிர்வுத் தளங்களில் பெரும்பாலும் கேமைச் செய்தவரே ‘என் சரக்கில் இன்னின்ன இருக்கிறது’ என்று சொல்லிக் குறிக்கவேண்டும். ஸ்டீமில் கேள்வித்தாள் கொடுத்து எழுதி வாங்குகிறார்கள், வெளியிடும் முன் ஒருமுறை பார்க்கவும் செய்கிறார்கள். இட்ச் டாட் ஐஓ இன்னும் திறந்த சந்தை. போடுகிறவர் மறந்தாலோ, மறைத்தாலோ சீட்டு இருக்காது.

பெரிய கம்பெனிச் சரக்கிலேயே இது நடந்திருக்கிறது. ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ: சான் ஆண்ட்ரியாஸ்’ என்கிற புகழ்பெற்ற விளையாட்டுக்குள் ஒரு பாலியல் காட்சி பூட்டி வைக்கப்பட்டிருந்தது 2005-ல் வெளியே தெரிந்தது. அதுவரை ‘17 வயதுக்கு மேல்’ என்று இருந்த முத்திரையை அமெரிக்க அமைப்பு ‘வயது வந்தோர் மட்டும்’ என்று மாற்றவேண்டி வந்தது. அதற்குள் எத்தனையோ வீடுகளுக்குள் அது போய்விட்டது.

ஃபில்டர் எதை வடிகட்டும்?

கஷாயத்தை வடிகட்டினால் சக்கை நிற்கும்; கசப்பு நிற்காது. வடிகட்டியின் கண் எவ்வளவோ, அவ்வளவுதான் அதன் வேலை. இங்கே மூன்று வடிகட்டிகள் இருக்கின்றன. ஒன்று செய்கிற வேலையை இன்னொன்று செய்யாது.

முதலாவது, கூகுளின் ‘சேஃப் சர்ச்’. இது கூகுளில் தேடும்போது வரும் ஆபாச முடிவுகளை மறைக்கும். பிள்ளை கேம் தளத்துக்குள் போய், அங்கே இருக்கிற தேடும் பெட்டியில் தட்டினால் கூகுளுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ‘நான்தான் சேஃப் சர்ச் போட்டுட்டேனே’ என்று நிம்மதியாக இருக்கும் பெற்றோர் கவனிக்கவேண்டிய இடம் இது.

இரண்டாவது, தளத்தின் சொந்த வடிகட்டி. ஸ்டீமில் 2018-ல் இதை விரிவாக்கினார்கள். பாலியல், கடுமையான வன்முறை என்று வகை வகையாக மறைக்கலாம். ‘வயது வந்தோர் மட்டும்’ வகை, நாமே போய் அனுமதித்தால் ஒழியத் தெரியாது. ஆனால் இந்த வடிகட்டி பார்ப்பது சீட்டை மட்டும்தான். சீட்டு ஒட்டாத சரக்கு சல்லடைக்குள் புகுந்து வந்துவிடும்.

மூன்றாவது, வீட்டு வைஃபையிலேயே போடுகிற தடுப்பு. கிளவுட்ஃப்ளேர் நிறுவனம் 2020-ல் இலவசமாகக் கொடுத்த 1.1.1.3 என்கிற டிஎன்எஸ் எண்ணை வைஃபை பெட்டியில் போட்டால், ஆபாசத்துக்கென்றே நடக்கும் தளங்கள் திறக்காது. நல்லதும் கெட்டதும் கலந்த தளத்தில் இது திணறிவிடும். முழுத்தளத்தையும் மூடலாம், இல்லை முழுசாகத் திறக்கலாம். ஒவ்வொரு கேமாகப் பிரித்துப் பார்க்க அதற்குத் தெரியாது. செல்போன் டேட்டாவில் போனால் இந்தத் தடுப்பு கிடையவே கிடையாது.

2025 ஜூலையில் நடந்ததைக் கேளுங்கள். ஓர் ஆஸ்திரேலிய அமைப்பு, இந்தத் தளங்களில் வக்கிரமான விளையாட்டுகள் விற்கப்படுவதாகப் பணம் செலுத்தும் நிறுவனங்களுக்குப் புகார் அனுப்பியது. அந்த நிறுவனங்கள் நெருக்க, இட்ச் டாட் ஐஓ ‘வயது வந்தோர்’ என்று குறித்த எல்லாவற்றையும் ஒரே நாளில் தேடல் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. ஆபாசத்துக்குச் சம்பந்தமில்லாத எங்கள் கதை விளையாட்டும் சேர்ந்து போய்விட்டதே என்று பலர் முறையிட்டார்கள். சில நாளிலேயே இலவசமானவை மட்டும் மறுபடி தேடலுக்குத் திரும்பத் தொடங்கின. இதில் நமக்கு என்ன பாடம்? தேடலில் வராதது வேறு, இல்லாமல் போவது வேறு. நேரடி முகவரி தெரிந்த நண்பன் ஒருவன் அனுப்பினால் போதும், பக்கம் திறந்துவிடும்.

வீட்டில் செய்யவேண்டியவை

‘அப்ப ஃபில்டரே வேண்டாமா டாக்டர்?’ என்று கேட்காதீர்கள். கொசுவலையில் ஓட்டை இருக்கலாம் என்பதற்காக வலையே கட்டாமல் தூங்குவோமா?

* பிள்ளையின் அக்கவுன்ட்டில் உண்மையான பிறந்த தேதியைப் போடுங்கள். ‘சீக்கிரம் முடியட்டும்’ என்று நீங்களே பொய்த் தேதி போட்டுக் கொடுத்தால், எல்லாக் கதவையும் உங்கள் கையால் திறந்து வைத்த மாதிரி. ஸ்டீமின் விதிப்படி 13 வயது நிரம்பாதவர்கள் அக்கவுன்ட் தொடங்கவே கூடாது.

* ஸ்டீமில் 2024 முதல் ‘ஸ்டீம் ஃபேமிலீஸ்’ என்று ஒரு வசதி இருக்கிறது. ஆறு பேர் வரை சேரலாம். எந்த விளையாட்டைத் திறக்கலாம், எவ்வளவு நேரம் ஆடலாம், கடைப்பக்கம் தெரியலாமா என்பதைப் பெற்றோர் முடிவு செய்யலாம்.

* இட்ச் டாட் ஐஓ செட்டிங்ஸில், வயது வந்தோர் சரக்கைத் தேடலில் காட்டும் கட்டத்தில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

* இந்த செட்டிங்ஸ் எல்லாம் அக்கவுன்ட்டோடு ஒட்டியவை. வேறு ப்ரௌசரில் திறந்தாலோ, அப்பாவின் அக்கவுன்ட்டில் நுழைந்தாலோ பலிக்காது. கம்ப்யூட்டரில் பிள்ளைக்குத் தனி லாகின் கொடுங்கள். உங்கள் பாஸ்வேர்டை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.

* சின்னப் பிள்ளைகளுக்குப் பெரியவர்களின் சந்தை எதற்கு? அமெரிக்காவின் எம்ஐடி 2007-ல் வெளியிட்ட ‘ஸ்க்ராட்ச்’, 8 முதல் 16 வயதுக்காரர்களை மனதில் வைத்தே செய்தது. பிள்ளைகள் தாங்களே விளையாட்டு செய்து பகிரலாம். இலவசம்.

* இரவில் கம்ப்யூட்டரும் செல்போனும் படுக்கையறைக்கு வெளியே இருக்கட்டும். சித்த மருத்துவம் அடக்கக்கூடாத 14 வேகங்களில் தூக்கத்தையும் ஒன்றாகச் சொல்கிறது. வளரும் வயதில் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டால் பசி, மலம், படிப்பு எல்லாம் வரிசையாகக் கெடும்.

இதையெல்லாம் பிள்ளைக்குத் தெரியாமல் திருட்டுத்தனமாகச் செய்யாதீர்கள். பக்கத்தில் உட்காரவைத்து, ஏன் செய்கிறோம் என்று சொல்லிச் செய்யுங்கள். தெரியாமல் போட்ட பூட்டை எப்படித் திறக்கலாம் என்றுதான் பிள்ளையின் புத்தி போகும்.

முதல் வார்த்தை முக்கியம்!

இவ்வளவும் செய்த பிறகும் ஒருநாள் ஏதாவது கண்ணில் பட்டுவிடலாம். அதற்கு முன்பே பிள்ளையிடம் இப்படிச் சொல்லி வையுங்கள்:

“பதினெட்டு வயசு ஆச்சான்னு கேக்கற பக்கம் வந்தா, பின்னாடி வந்துடு கண்ணு. தப்பித் தவறி ஏதாவது பாத்துட்டாலும் எங்கிட்ட சொல்லு. நான் திட்ட மாட்டேன். லேப்டாப்பையும் பிடுங்க மாட்டேன்.”

சொன்னபடி நடக்கவும் வேண்டும். பிள்ளை வந்து சொல்லும்போது ‘எதுக்கு அங்க போனே?’ என்று ஆரம்பித்தீர்களோ, முடிந்தது கதை! அடுத்த முறை சொல்லமாட்டான். ‘சொன்னது நல்லதாச்சு’ என்பது உங்கள் முதல் வார்த்தையாக இருக்கட்டும். அது நிஜமல்ல, நடிப்பும் வரைபடமும்தான் என்று வயதுக்குத் தகுந்தபடி விளக்குங்கள். துருவித் துருவிக் கேட்காதீர்கள். இரண்டு மூன்று நாள் சீக்கிரம் தூங்கவிடுங்கள். பக்கத்தில் இருங்கள். பசி, தூக்கம், படிப்பு இரண்டு வாரமாகியும் பழையபடி திரும்பாவிட்டால் குழந்தை மனநல மருத்துவரிடம் காட்டத் தயங்க வேண்டாம். இதற்கு என்னிடம் லேகியம் கேட்காதீர்கள், கிடையாது!

கேமில் பேசிப் பழகிய யாராவது பெரியவர் பிள்ளைக்கு ஆபாசப் படம் அனுப்பினாலோ, படம் கேட்டாலோ அது விளையாட்டு அல்ல; குற்றம். 2012-ம் வருஷத்துப் போக்சோ சட்டத்தின்கீழ் வரும். வந்த செய்தியை அழிக்காமல் வைத்துக்கொண்டு, குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள். போலீஸின் சைபர் கிரைம் பிரிவிலும் புகார் கொடுங்கள்.

மருந்து பாதி, பத்தியம் பாதி என்போம். வடிகட்டியும் எச்சரிக்கையும் மருந்துப் பங்கு, கம்பெனிக்காரர்கள் தருவார்கள். பத்தியப் பங்கு வீட்டில்தான் நடக்கவேண்டும். இன்றைக்கு ராத்திரி சாப்பாடு முடிந்ததும் ஒரு பதினைந்து நிமிஷம் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, ‘நீ விளையாடற கேமைக் காட்டேன், பாக்கலாம்’ என்று கேட்டுப் பாருங்கள். சந்தோஷமாகக் காட்டினால் நிம்மதி. தயங்கினால் கோபப்படாமல் அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருங்கள். சொல்லவேண்டியது இருந்தால் தானாகச் சொல்லும்.