காஞ்சியில் இரண்டு சாசனங்கள்

காஞ்சிபுரத்துக்குப் போகிறவர்கள் இரண்டு காரியங்களுக்காகத்தான் போவார்கள். ஒன்று சுவாமி தரிசனம். மற்றொன்று பட்டுப் புடவை. நான் போனது இரண்டுக்கும் அல்ல என்று சொன்னபோது என் மனைவி நம்பவே இல்லை. உண்மையில் நான் கிளம்பியது உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பார்ப்பதற்கு. நடுவில் பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீட்டுத் திண்ணையில் உட்கார நேர்ந்தது. உட்கார்ந்தவன் இரண்டு மணி நேரம் எழுந்திருக்கவில்லை.

உள்ளே தறி ஓடிக்கொண்டிருந்தது. திண்ணையில் ஒரு பையன், பத்து வயசு இருக்கும், தறிச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்திச் சமூக அறிவியல் பாடத்தை நெட்டுருப் போட்டுக் கொண்டிருந்தான். "இந்திய அரசியல் சாசனம் 1949 நவம்பர் 26 அன்று ஏற்றுக்கொள்ளப்பட்டது. 1950 ஜனவரி 26 அன்று அமலுக்கு வந்தது."

தறி நின்றது. உள்ளேயிருந்து பெரியவர் எட்டிப் பார்த்தார். அறுபதைத் தாண்டியவர். "சார் பத்திரிகைக்காரர்னு சொன்னீங்களே, ஒரு சந்தேகம் கேக்கட்டுமா? அவ்வளவு பெரிய சாசனத்திலே எங்க நெசவைப் பத்தி ஏதாச்சும் எழுதியிருக்காங்களா?"

நல்ல கேள்விதான். பதில் சொல்வதற்கு நான் எங்கெங்கோ சுற்ற வேண்டியிருந்தது. அந்தச் சுற்றுப் பயணத்தில் வாசகர்களும் கொஞ்சம் கூட வாருங்கள்.

அச்சடிக்காத புத்தகம்

உலகத்திலேயே மிக நீளமான சாசனங்களில் ஒன்று நம்முடையது. முதலில் 395 ஷரத்துக்கள், 8 அட்டவணைகள். அதன் மூலப் பிரதி அச்சில் கோத்ததல்ல. பேனா முள்ளை மையில் தோய்த்துக் கையால் எழுதியது! ஆங்கிலப் பிரதியை எழுதியவர் டில்லியைச் சேர்ந்த பிரேம் பிஹாரி நாராயண் ராய்ஜாதா. பக்கங்களுக்குச் சித்திர வேலை செய்தவர்கள் சாந்திநிகேதனத்து நந்தலால் போஸும் அவருடைய மாணவர்களும். 1950 ஜனவரி 24-ஆம் தேதி அரசியல் நிர்ணய சபை அங்கத்தினர்கள் 284 பேர் அதில் கையெழுத்திட்டார்கள். காகிதம் கெடாமலிருக்க அதைப் பார்லிமெண்ட் நூலகத்தில், நைட்ரஜன் வாயு நிரப்பிய பெட்டியில் வைத்துப் பாதுகாத்து வருகிறார்கள்.

"கையாலேயா எழுதினாங்க? அப்போ அதுவும் கைத்தறி தான்!" என்றார் பெரியவர். பையன் சிரித்தான்.

மதில் சுவரில் ஒரு சாசனம்

"சாசனம்" என்ற சொல்லுக்குத் தமிழில் இன்னொரு பொருளும் உண்டல்லவா? கல்லில் வெட்டியது. அந்தச் சாசனம் காஞ்சியிலிருந்து இருபது மைல் தூரத்தில், உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலம். கி.பி. 919-இல் ஒன்று, 921-இல் ஒன்று, ஆக இரண்டு கல்வெட்டுக்கள். ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, தகுதியுள்ளவர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, எழுதப் படிக்கத் தெரியாத சிறு பையன் ஒருவனை விட்டு எடுக்கச் சொல்ல வேண்டும். எடுத்த ஓலையை வாங்குகிறவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் ஏந்த வேண்டும். விரல் இடுக்கில் வேறு ஓலை மறைந்து வந்துவிடக் கூடாதே!

நிற்பதற்கு யாருக்குத் தகுதி இல்லை என்ற பட்டியல்தான் இன்னும் ரசமானது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் நிற்க முடியாது. அவர் மட்டுமா? பெரியம்மா பிள்ளை, சின்னம்மா பிள்ளை, அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை, மாமனார், மைத்துனர் வரை ஒருவரும் நிற்க முடியாது. இந்த விதி மாத்திரம் இன்று அமலில் இருந்தால் பல ஊர்களில் குடத்தில் போட ஓலையே மிஞ்சாது.

இரண்டு கல்வெட்டுக்கள் ஏன்? முதலில் வகுத்த விதி போதவில்லை. இரண்டே வருஷத்தில் திருத்தினார்கள். முதல் கல்வெட்டில் வயது முப்பதுக்கு மேல், அறுபதுக்குள். இரண்டாவதில் முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள். சாசனத்தைத் திருத்தும் வழக்கம் நமக்குப் புதிதல்ல என்று தெரிகிறதல்லவா?

இந்தக் கல்வெட்டு டில்லி வரைக்கும் போயிருக்கிறது. 1948 நவம்பரில், அரசியல் நிர்ணய சபையில், கிராமப் பஞ்சாயத்துக்களுக்குச் சாசனத்தில் இடமே இல்லையே என்று பலர் குறைப்பட்டார்கள். கிராமம் என்பது அறியாமையும் குறுகிய புத்தியும் நிறைந்த இடம் என்பது டாக்டர் அம்பேத்கரின் கட்சி. அந்த விவாதத்தில் ஆந்திர கேசரி டி. பிரகாசம் எழுந்து, ஆயிரம் வருஷங்களுக்கு முன்பே உத்திரமேரூரில் நடந்த தேர்தலை எடுத்துச் சொன்னார். கடைசியில் கே. சந்தானம் கொண்டு வந்த திருத்தம் நிறைவேறியது. அதுதான் பஞ்சாயத்துக்களைப் பற்றிய 40-ஆவது ஷரத்து. அது ஏட்டளவில் இருந்து, 1992-இல் நிறைவேறிய 73-ஆவது திருத்தத்தால்தான் முழு உயிர் பெற்றது.

பெரியவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்தக் குடத்திலே எங்க பாட்டன் பேரைப் போட்டிருப்பாங்களா?" என்றார்.

போட்டிருக்க மாட்டார்கள். அது பிராம்மண சபை. கால் வேலிக்கு மேல் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் படிப்பும் வேண்டும். பெண்களுக்கும் இடமில்லை. அம்பேத்கர் கிராமத்தைக் கண்டு அஞ்சியதற்கு இதுவே போதிய காரணம். உத்திரமேரூரின் பெருமையைச் சொல்கிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இருபத்தொரு வயது நிரம்பிய ஆண், பெண் எல்லாருக்கும் ஒரு வோட்டு என்ற விதியை, குடமும் ஓலையும் தந்த பழைய சாசனம் அல்ல, 1950-இல் வந்த புதிய சாசனமே தந்தது. அந்த வயது 1989 முதல் பதினெட்டு.

வழக்கெல்லாம் சென்னை வழக்கு

சுப்ரீம் கோர்ட் 1950 ஜனவரி 28-ஆம் தேதி திறக்கப்பட்டபோது அதற்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. பார்லிமெண்ட் கட்டடத்தில், மன்னர்கள் மண்டபத்தில் குடியிருந்தது. தலைமை நீதிபதியைச் சேர்த்து எட்டே நீதிபதிகளுக்குச் சாசனம் இடம் வைத்திருந்தது. இன்றைய கட்டடத்துக்குக் குடி பெயர்ந்தது 1958-இல். 2019 முதல் நீதிபதிகளின் எண்ணிக்கை 34. இரண்டாவது தலைமை நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி நம் சென்னை வக்கீல்.

அந்தக் கோர்ட்டின் ஆரம்ப கால வழக்குகளைப் புரட்டினால் நமக்கு ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. ஏ. கே. கோபாலன், ரொமேஷ் தாப்பர் (1950), செண்பகம் துரைராஜன் (1951), வி. ஜி. ராவ் (1952): சட்டக் கல்லூரியில் முதல் பாடமாகப் படிக்கிற இவ்வளவும் சென்னை ராஜ்யத்தின்மேல் தொடுத்த வழக்குகள், அல்லது சென்னை ராஜ்யமே அப்பீலுக்குப் போனவை! ரொமேஷ் தாப்பர் வழக்கு ஒரு வாரப் பத்திரிகையைச் சென்னைக்குள் விடாததைப் பற்றியது. பத்திரிகைதான் ஜெயித்தது. இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்தது.

செண்பகம் துரைராஜன் வழக்கில் ஒரு விசித்திரம். கல்லூரி இடங்களை வகுப்புவாரியாகப் பங்கிட்ட உத்தரவை அந்த அம்மாள் எதிர்த்தார். ஆனால் அவர் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை! விசாரித்துப் பார்த்ததோடு சரி. 1951 ஏப்ரல் 9-இல் உத்தரவு செல்லாது என்று தீர்ப்பாயிற்று. சென்னையில் கிளர்ச்சி மூண்டது. பத்தே வாரத்தில், ஜூன் 18-இல், சாசனத்தின் முதல் திருத்தம் வந்து, பின்தங்கிய வகுப்பாருக்குத் தனி ஏற்பாடு செய்யலாம் என்ற விதி சேர்ந்தது. முதல் பொதுத் தேர்தலே அப்போது நடக்கவில்லை. சாசனத்தை எழுதிய அதே சபைதான் தற்காலிகப் பார்லிமெண்டாக இருந்து அதைத் திருத்தியது. உத்திரமேரூர்க்காரர்களுக்கு இரண்டு வருஷம் ஆயிற்று. இவர்களுக்கு ஒன்றரை வருஷம்! அது முதல் 2023 வரை 106 திருத்தங்கள் ஆகியிருக்கின்றன.

அவற்றில் ஒன்றுக்குக் காஞ்சியோடு நேர்த் தொடர்பு உண்டு. இந்த ஊரில் 1909-இல் நெசவாளர் குலத்தில் பிறந்த சி. என். அண்ணாதுரை, 1962 சட்டசபைத் தேர்தலில் இதே ஊரில் தோற்று, ராஜ்ய சபைக்குப் போனார். பிரிவினைக் கோரிக்கையைத் தடுக்க 1963-இல் 16-ஆவது திருத்தம் வந்தது. வேட்பாளரும் மந்திரியும் எடுக்கும் பிரமாணத்தில் நாட்டின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பேன் என்ற வார்த்தைகள் நுழைந்தன. அந்த மசோதாவை ராஜ்ய சபையில் எதிர்த்துப் பேசியவர் அண்ணா. நான்கு வருஷம் கழித்து, 1967 மார்ச்சில், அதே வார்த்தைகளைச் சொல்லித்தான் அவர் முதல் மந்திரிப் பதவியை ஏற்றார்.

"அண்ணாவைச் சொன்னீங்க, சந்தோஷம். என் கேள்விக்குப் பதில்?" என்றார் பெரியவர், விடாமல்.

பாவும் ஊடையும்

பதில் 43-ஆவது ஷரத்தில் இருக்கிறது. கிராமங்களில் குடிசைத் தொழில்களைத் தனியார் முறையிலோ கூட்டுறவு முறையிலோ வளர்க்க அரசு முயல வேண்டும் என்கிறது அது. வரைவில் முதலில் இந்த வாசகம் இல்லை. 1948 நவம்பர் விவாதத்தில்தான் சேர்த்தார்கள்.

"அப்படின்னா, வளர்க்கலேன்னு நான் கோர்ட்டுக்குப் போகலாமா?"

போக முடியாது. 37-ஆவது ஷரத்து அதற்குத் தாழ்ப்பாள் போட்டிருக்கிறது. இவை அரசுக்கு வழிகாட்டும் கோட்பாடுகள். கோர்ட் மூலம் நிறைவேற்றிக் கொள்ள இயலாது.

பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார். "பாவைக் குடுத்துட்டு ஊடையைக் குடுக்காத மாதிரி இருக்கே!"

முழுதும் அப்படிச் சொல்வதற்கில்லை. 1985-இல் பார்லிமெண்ட், சேலை முதலிய சில வகைத் துணிகளைக் கைத்தறிக்கே ஒதுக்கி ஒரு சட்டம் செய்தது. விசைத்தறிக்காரர்கள் எதிர்த்து சுப்ரீம் கோர்ட் வரை போனார்கள். 1993-இல் அந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பாயிற்று. தானே கோர்ட் ஏற முடியாத ஷரத்து, தன்னை நம்பிச் செய்த சட்டத்துக்குத் துணை நின்றது.

"சட்டம் இருக்கு. விசைத்தறிச் சேலையைக் காஞ்சிப் பட்டுன்னு விக்கிறவனும் இருக்கானே" என்று முணுமுணுத்தார் பெரியவர்.

மூன்றாவது நாடா

காஞ்சிப் புடவையின் ரகசியம் கோர்வை. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம். மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். ஒருவரால் ஆகாது. நெசவாளிக்குப் பக்கத்தில் கரை நாடாவைத் தள்ள இன்னொருவர் உட்கார வேண்டும். எத்தனையோ காலம் அந்த இன்னொருவர் ஒரு குழந்தைதான்.

"நானும் அப்படி உக்காந்தவன் தான் சார். எட்டு வயசிலே. அப்பா முன்பணம் வாங்கியிருந்தார். கடன் தீர்ற வரைக்கும் அந்தத் தறியை விட்டு எழுந்திருக்க முடியாது. தீரவே இல்லை." சற்று நிறுத்திவிட்டுச் சொன்னார்: "ஜரிகை எங்கே ஏறும்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவேன். பஸ் எங்கே போகுதுன்னு போர்டைப் படிக்க மாட்டேன்."

நான் சாசனத்தின் பெருமை பேசிக்கொண்டிருந்தவன், வாயடைத்துப் போனேன். ஏனென்றால் அவர் எட்டு வயதில் தறிக்குழியில் உட்கார்ந்திருந்தபோதே 23-ஆவது ஷரத்து கட்டாய உழைப்பைத் தடை செய்திருந்தது. 24-ஆவது ஷரத்து, பதினாலு வயதுக்குட்பட்டவரைத் தொழிற்சாலையிலும் சுரங்கத்திலும் அபாயகரமான வேலையிலும் வைக்கக் கூடாது என்றது. ஆனால் வீட்டுத் தறி தொழிற்சாலை அல்லவே! முன்பணத்துக்கு ஆளைக் கட்டிப் போடுவதை ஒழிக்கும் கொத்தடிமைச் சட்டம் 1976-இல்தான் வந்தது.

அதற்குப் பிறகு கோர்ட்டின் கதவு மெல்ல மெல்ல அகலத் திறந்தது. 1982-இல், ஆசிய விளையாட்டுக்காக டில்லியில் கட்டட வேலை செய்த கூலிகளைப் பற்றி ஒரு நீதிபதிக்கு வந்த கடிதமே வழக்காக எடுத்துக் கொள்ளப்பட்டது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவதும் கட்டாய உழைப்புத்தான் என்று தீர்ப்பாயிற்று. 1996 டிசம்பர் 10-இல், சிவகாசிக் குழந்தைகளைப் பற்றிய வழக்கில் கோர்ட் இன்னும் ஒரு படி போயிற்று. சட்டத்துக்கு மாறாகக் குழந்தையை வேலைக்கு வைத்த முதலாளி ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் கட்ட வேண்டும். குழந்தைக்குப் பதில் வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு வேலை தேடித் தர வேண்டும், முடியாவிட்டால் அரசு 5,000 ரூபாய் போட வேண்டும் என்றது. 2002-இல் 86-ஆவது திருத்தம் ஆறு முதல் பதினாலு வயது வரை கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. அதற்கான சட்டம் 2010 ஏப்ரல் முதல் தேதி அமலுக்கு வந்தது. 2016-இல் பதினாலு வயதுக்குட்பட்டவர்களை எந்தத் தொழிலிலும் வைக்கக் கூடாதென்று சட்டம் ஆயிற்று. ஆனால் பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று ஒரு சந்தும் விட்டு வைத்திருக்கிறது. தறி உள்ள வீட்டுக்கு அந்தச் சந்து எவ்வளவு அகலம் என்று அந்த வீட்டுப் பெரியவர்கள்தான் தீர்மானிக்க வேண்டும்.

பேசிக் கொண்டிருக்கும்போதே பொழுது சாய்ந்துவிட்டது. பெரியவர் மறுபடி குழியில் இறங்கினார். பக்கத்தில் அவர் மனைவி வந்து உட்கார்ந்து கரை நாடாவைக் கையில் எடுத்துக் கொண்டார். அந்த அம்மாளுக்குத் தோள்வலி போலிருக்கிறது; ஒரு முறை தோளைப் பிடித்து விட்டுக் கொண்டார். பையன் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்தான்.

"பாட்டி, நீ எழுந்திரு. நான் கொஞ்ச நேரம் தள்றேன்."

"உக்காருடா!" என்றார் தாத்தா, தறியிலிருந்து தலையைத் தூக்காமல். "அந்த நாடாவை நான் தள்ளினது போதும். நீ சத்தமாப் படி. எனக்கும் காதிலே விழட்டும்."

பையன் மீண்டும் திண்ணையில் உட்கார்ந்து விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தான். நான் உத்திரமேரூருக்குக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.