வலிக்காத தேமலை அலட்சியம் செய்யாதீர்கள்

வுழூச் செய்யும்போது முழங்கைப் பக்கமாக ஒரு வெளிறிய அடையாளம் கண்ணில் படுகிறது. எப்போது வந்ததென்று தெரியாது. அரிப்பில்லை, வலியுமில்லை. அன்றிரவு கைத்தொலைபேசியில் தேடிப் பார்க்கிறோம். வரும் படங்களைக் கண்டதும் தூக்கம் போய்விடுகிறது. ஆனாலும் மறுநாள் வைத்தியரிடம் போவதில்லை. பாமசியில் ஒரு க்ரீம் வாங்கிப் பூசிவிட்டு, மறையுமா என்று மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, "வலிக்கவில்லையே, இருந்துவிட்டுப் போகட்டும்" என்ற எண்ணம். மற்றது, வைத்தியர் என்ன பெயர் சொல்வாரோ என்ற பயம். வீட்டில் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தால் இந்தப் பயம் இரட்டிப்பாகிறது.

உண்மையில் இவ்வாறான அடையாளங்களில் பெரும்பாலானவை பயப்பட வேண்டியவை அல்ல. நெஞ்சிலும் முதுகிலும் வரும் தேமல் ஒரு வகைப் பூஞ்சையால் ஏற்படுவது, மருந்துக்கு அடங்கிவிடும். பிள்ளைகளின் கன்னத்தில் தோன்றும் வெளிறிய திட்டுகளைப் பூச்சி என்று சொல்லிப் பூச்சி மருந்து கொடுப்போம். பெரும்பாலும் அது வெறும் தோல் வறட்சிதான். பால் வெள்ளையாகப் படரும் வெண்படையை வெண்குஷ்டம் என்று சிலர் அழைக்கின்றனர். அதற்கும் குஷ்டத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அது யாருக்கும் தொற்றாது.

ஆனால் இவற்றைப் போலவே தோற்றமளிக்கும் ஒன்று தொழுநோய். வெளிறிய அல்லது சிவந்த திட்டு. அதில் தொடுஉணர்வு குறைந்திருக்கும். பொதுவாக அரிக்காது, வலிக்காது. கிருமி நரம்பைப் பாதிப்பதாலேயே இப்படி ஆகிறது. அதாவது, எதைச் சொல்லி நம்மை நாமே ஆறுதல்படுத்திக் கொள்கிறோமோ, அதுவே வைத்தியரிடம் போக வேண்டியதற்கான அறிகுறி.

இந்நோய் ஒழிந்துவிட்டதென்று பலர் நினைக்கின்றனர். ஹெந்தளையில் ஒல்லாந்தர் 1708இல் அமைத்த தொழுநோய் வைத்தியசாலையும், மட்டக்களப்பு வாவியிலுள்ள மாந்தீவும் பழங்கதையாகத் தெரிகின்றன. ஆனால் இன்றும் நமது நாட்டில் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் புதிதாக இனங்காணப்படுகின்றனர். அவர்களில் சிறுவர்களும் உள்ளனர்.

மாறியிருப்பது சிகிச்சைதான். நோயாளரை ஊரைவிட்டு ஒதுக்கிய காலம் போய்விட்டது. இன்று 6 மாதங்களோ 12 மாதங்களோ வீட்டிலிருந்தே மாத்திரை எடுத்தால் முழுமையாகக் குணமாகலாம். மருந்து அரச வைத்தியசாலைகளில் இலவசம். சிகிச்சை ஆரம்பித்ததும் பிறருக்குத் தொற்றும் தன்மை விரைவாக நீங்கிவிடும். கை குலுக்குவதாலோ ஒரே சஹனில் சாப்பிடுவதாலோ இது தொற்றுவதில்லை. சிகிச்சையின்றி இருக்கும் ஒருவருடன் நீண்டகாலம் நெருங்கி வாழ்வோருக்கே ஆபத்து அதிகம். அவர்களிலும் பெரும்பாலானோருக்கு இயற்கையான எதிர்ப்புச் சக்தி உண்டு.

தாமதம்தான் உண்மையான எதிரி. திட்டு மறைந்துவிடும், ஆனால் நெடுநாள் பாதிக்கப்பட்ட நரம்பு எப்போதும் மீள்வதில்லை. விரல்கள் மடங்குவதும், உணர்வற்ற பாதத்தில் புண் ஏற்படுவதும், கண் மூட முடியாமல் போவதும் அதனால்தான்.

எனவே, காரணம் தெரியாத அடையாளத்தைக் கண்டால் அதைப் படம் எடுத்துத் திகதியுடன் வைத்துக்கொள்ளுங்கள். வைத்தியரைக் கேட்காமல் எதையும் பூசாதீர்கள். ஸ்டெரொய்ட் கலந்த க்ரீம்கள் நோயின் தோற்றத்தையே மாற்றி வைத்தியரையும் குழப்பிவிடும். ஊசியால் குத்தி வீட்டிலேயே சோதிக்கவும் வேண்டாம். உணர்வு இருப்பதால் மட்டும் நோய் இல்லையென்று ஆகிவிடாது. அரச வைத்தியசாலையின் தோல் நோய்ப் பிரிவுக்குச் செல்லுங்கள். அது தூரமென்றால் உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி காரியாலயத்தில் விசாரியுங்கள்.

அநேகமாக "இது வெறும் தேமல்" என்ற பதிலோடுதான் வீடு திரும்புவீர்கள். அப்படி இல்லாவிட்டாலும், மாத்திரையோடு முடிகிற காரியம் அது. பயந்து வீட்டிலிருந்தால் இந்த இரண்டில் எது என்று தெரியாமலே காலம் போய்விடும்.