சிவகாசி அச்சுப்படிகளின் ஒளிப்பட ஆவணமும் திரைதோறும் வேறுபடும் நிறமும்

முன்னுரை

விருதுநகர் மாவட்டத்துச் சிவகாசி தீப்பெட்டி, பட்டாசு, அச்சு ஆகிய மூன்று தொழில்களால் அறியப்படுகின்றது. 1922ஆம் ஆண்டு கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய பி. அய்யநாடார், ஏ. சண்முகநாடார் ஆகியோரின் முயற்சியால் அத்தொழில் இங்கு வேரூன்றியது. லேபிள்களின் தேவையை ஒட்டி அச்சுத்தொழிலும் வளர்ந்தது. தீப்பெட்டி லேபிள்களும் பட்டாசு உறைகளும் நாட்காட்டிகளும் பண்பாட்டு ஆய்வுக்குரிய மூலங்களாகும். அவற்றின் நிறமும் ஒரு சான்றே. அச்சான்று பெரும்பாலும் ஒளிப்படத்தின் வழியே ஆய்வாளரை அடைகின்றது. ஆனால் ஒரே படம் கேமராத் திரையில் ஒருவிதமாகவும் கணினித் திரையில் வேறுவிதமாகவும் தோன்றுகின்றது. அதன் காரணங்களை இக்கட்டுரை விளக்குகின்றது.

எண்களாகப் பதியும் நிறம்

படக்கோப்பில் இருப்பவை எண்களே. பொதுவாக ஒவ்வொரு படப்புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள், 0 முதல் 255 வரை, பதிவாகின்றன. அவற்றை ஒளியாக மாற்றுவது திரை. எச்.பி., மைக்ரோசாஃப்ட் நிறுவனங்கள் 1996இல் முன்வைத்த எஸ்ஆர்ஜிபி நிறவெளியில் 128 என்னும் எண் உச்ச ஒளியில் ஏறத்தாழ 22 விழுக்காட்டைக் குறிக்கும். மெக்கின்டாஷ் கணினிகள் 2009 வரை இயல்பாகக் கொண்டிருந்த 1.8 காமா அமைப்பில் அதே எண் ஏறத்தாழ 29 விழுக்காடாகும். கோப்பு மாறாதிருந்தும், நிற மேலாண்மை இல்லாத மென்பொருளில் படம் வெளுத்துத் தோன்றும்.

கேமராத் திரை

ரா கோப்பாக எடுக்கப்படும் படத்தைக் கேமரா அப்படியே காட்டுவதில்லை. தன் அமைப்புகளின்படி செறிவும் மாறுபாடும் கூட்டி உருவாக்கிய ஜேபெக் முன்தோற்றத்தையே காட்டுகின்றது. கணினி மென்பொருளோ ரா தரவைத் தன் முறைப்படி விளக்கிக்கொள்கின்றது. மேலும், வெயிலில் மங்கலாகத் தெரியும் திரை இருண்ட அறையில் பளிச்செனத் தெரியும். திரையை மட்டும் நம்பி ஒளியளவைத் தீர்மானித்தால் முன்னதில் படம் மிகையொளி பெறும். பின்னதில் குறையொளி பெறும். மூன்று அங்குலத் திரையில் கூர்மைக் குறைவும் புலப்படாது.

கணினித் திரையும் அச்சும்

அடோபி ஆர்ஜிபி நிறவெளியில் பதிந்த படத்தை எஸ்ஆர்ஜிபி எனக் கொண்டு காட்டும் மென்பொருளில் நிறங்கள் சோர்ந்து காணப்படும். திரையின் வெண்மை, வயது, பார்க்கும் கோணம் ஆகியனவும் வேறுபாட்டை விளைவிக்கும். அச்சின் இயல்போ வேறு. திரை ஒளியை உமிழ்கின்றது. அச்சுப்படி தன்மேல் விழும் ஒளியைத் திருப்புகின்றது. சியான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு என்னும் நான்கு மைகளால் அமையும் ஆப்செட் அச்சில் தூய சியான் எஸ்ஆர்ஜிபி எல்லைக்கு வெளியே அமைகின்றது. எனவே அந்நிறத்தை எஸ்ஆர்ஜிபி திரை முழுமையாகக் காட்ட இயலாது.

ஆவணப்படுத்தும் முறை

அச்சுப்படியுடன் 24 நிறக்கட்டங்கள் கொண்ட நிற அட்டையையும் சேர்த்து, ஒரே வகை ஒளியில், ரா கோப்பாகப் படமெடுத்தல் வேண்டும். ஒளியளவைத் திரையால் அன்றி ஒளிப்பரவல் வரைபடத்தால் மதிப்பிடுதல் நன்று. கணினித் திரையை அளவீட்டுக் கருவியால் சீரமைத்து, நிற விவரக்குறிப்பைக் கோப்புடன் இணைத்தல் வேண்டும். 1993இல் தோன்றிய பன்னாட்டு நிறக் கூட்டமைப்பு இவ்விவரக்குறிப்புக்குப் பொதுவடிவம் அளித்துள்ளது.

முடிவுரை

நெடுநாள் வெயில் பட்ட அச்சுப்படியில் மஞ்சளும் மெஜந்தாவும் பெரும்பாலும் முதலில் மங்க, நீலச்சாயல் எஞ்சும். கேமராவின் வெண்சமநிலை பிறழ்ந்தாலும் படத்தில் அதே நீலச்சாயல் தோன்றும். நிற அட்டையின்றி எடுத்த படத்தில் இவ்விரண்டையும் வேறுபடுத்துவது அரிது. அத்தகைய படத்தைக் கொண்டு லேபிளின் நிறத்தேர்வையோ காலத்தையோ வரையறுப்பது பிழையான முடிவுக்கு இட்டுச்செல்லக்கூடும். மூலப்படி அழிந்துவிட்டால் அப்பிழையைத் திருத்தவும் வழியிராது. ஆதலின் படமெடுத்த ஒளி, கருவி, நிறவெளி ஆகிய குறிப்புகளையும் ஆவணத்தின் பகுதியாகவே கொள்ளுதல் வேண்டும்.