பீட்ரூட்டில் மண் வாடையா?

பீட்ரூட் பிரட்டல் என்றாலே பிள்ளைகள் தட்டை ஒதுக்கிவிடுகிறார்கள். "மண்ணு மாதிரி நாறுதும்மா" என்று அடம் வேறு! காசு கொடுத்து வாங்கிய காய் குப்பைக்குப் போகிறது. குற்றம் காயில் இல்லை, தாய்மார்களே, சமைக்கிற பக்குவத்தில்தான்.

அந்த வாடைக்குக் காரணம் ஜியோஸ்மின் என்ற பொருள். மழை விழுந்ததும் தரையிலிருந்து கிளம்புமே, அதே வாசம்தான். தோலில்தான் அது அதிகம். புளிப்பு பட்டால் அடங்கிவிடும்.

காயைச் சீவி, துண்டு போட்டு, நிறையத் தண்ணீரில் அவித்து, சிவப்புத் தண்ணீரைக் கொட்டாதீர்கள். சத்தும் இனிப்பும் அதோடு போய்விடும். நன்றாகக் கழுவி, காம்பில் 1 அங்குலம் விட்டு, தோலோடு முழுசாக அவியுங்கள். நடுத்தரக் காய்க்கு 45 நிமிடமாவது பிடிக்கும். ராத்திரியே அவித்து ஐஸ் பெட்டியில் வைத்துவிட்டால், வேலைக்குக் கிளம்பும் காலையில் அவசரமில்லை. ஆறிய காயைத் தேய்த்தாலே தோல் கையோடு வந்துவிடும்.

கடுகு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, வெங்காயம் தாளித்து, நறுக்கிய காயையும் வறுத்த நெத்திலியையும் போட்டு 5 நிமிடம் பிரட்டுங்கள். நெத்திலியிலேயே உப்பு உண்டு, பார்த்துப் போடவும். தேங்காய்ப்பூ தூவி, அடுப்பை அணைத்த பிறகு பாதி எலுமிச்சம்பழம் பிழியுங்கள். இலையையும் வீசாதீர்கள், கீரை மாதிரி வதக்கலாம்.

பீட்ரூட் சாப்பிட்டபின் பிள்ளைக்குச் சிறுநீர் சிவந்து போனால் பயம் வேண்டாம், காயின் சாயம்தான். பீட்ரூட் சாப்பிடாத நாளிலும் சிவந்தால், தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.