விரல்ரேகை உதவி ஆய்வாளர்

விரல்ரேகை உதவி ஆய்வாளர் என்பவர் தமிழ்நாடு காவல்துறையின் விரல்ரேகைப் பணியகத்தில் தொடக்க நிலையில் பணியாற்றும் அலுவலர் ஆவார். குற்றம் நிகழ்ந்த இடத்தில் பதிந்துள்ள விரல்ரேகைகளைக் கண்டெடுப்பது, அவற்றைப் பிறருடைய ரேகைகளுடன் ஒப்பிடுவது, ஒப்பீட்டின் முடிவை நீதிமன்றத்தில் எடுத்துரைப்பது ஆகியவை இவரது முதன்மைப் பணிகளாகும். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை முதலிய தோல் தொழில் நகரங்களில் இப்பணி தனிப்பட்ட இடர்ப்பாடுகளைக் கொண்டது. அங்கு ரேகை பதியும் பொருளும் சிக்கலானது. ரேகையைப் பதிக்கும் விரலும் சிக்கலானது.

பெயர்

"உதவி ஆய்வாளர்" என்பது இங்கு காவல்துறைப் பதவி நிலையைக் குறிக்கும். ஆய்வு செய்பவருக்கு உதவுபவர் என்று பொருளன்று. நாளிதழ்கள் இவர்களைக் "கைரேகை நிபுணர்கள்" என்றே எழுதுகின்றன. கைரேகை சோதிடத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை எனினும், சோதிடர்கள் சங்கு, சக்கரம் என்று விரல் நுனியில் பார்ப்பவை ரேகை அறிவியலும் வகைப்படுத்தும் வடிவங்களே. சக்கரம் என்பது சுழி. சங்கு எனப்படுவது பெரும்பாலும் கண்ணி. இவற்றோடு அரிதாகக் காணப்படும் வில் வடிவத்தையும் சேர்த்தால் மூன்று அடிப்படை வகைகளும் நிறைவுறும். மனிதர்களின் விரல்களில் ஏறத்தாழ 60 முதல் 65 விழுக்காடு கண்ணிகளும் 30 முதல் 35 விழுக்காடு சுழிகளும் காணப்படுகின்றன. எனவே ஒருவரது விரலில் சுழி இருக்கிறது என்பது எவரையும் அடையாளம் காட்டுவதில்லை.

வரலாறு

விரல்ரேகையை ஆட்சிப் பணிக்குப் பயன்படுத்தும் முயற்சி வங்காளத்தில் தொடங்கியது. 1858இல் வில்லியம் எர்செல் என்ற அதிகாரி, ஓர் ஒப்பந்தத்தில் ஒப்பந்ததாரரின் உள்ளங்கையைப் பதியச் செய்தார். 1897இல் கல்கத்தாவில் விரல்ரேகைப் பணியகம் நிறுவப்பட்டது. அங்கு பின்பற்றப்பட்ட வகைப்பாட்டு முறை எட்வர்டு என்றியின் பெயரால் வழங்குகிறது. ஆனால் அதன் கணித அமைப்பை உருவாக்கியதில் அசிசுல் அக், ஏம் சந்திர போசு ஆகிய இரு இந்திய உதவி ஆய்வாளர்களுக்குப் பெரும் பங்குண்டு. பத்து விரல்களிலும் சுழி உள்ள இடங்களுக்கு எண் மதிப்பளித்து, எல்லாப் பதிவுச் சீட்டுகளையும் 1024 பிரிவுகளாக அடுக்குவதே அம்முறையாகும். கணினி வரும்வரை உலகின் பெரும்பகுதியில் இந்த அடுக்குமுறையே வழக்கில் இருந்தது. தொடக்க நிலை அலுவலர்கள் இருவரின் உழைப்பு மேலதிகாரியின் பெயரில் நிலைத்துவிட்டது.

1898இல் வடவங்கத்தின் சல்பைகுரி பகுதித் தேயிலைத் தோட்ட மேலாளர் ஒருவரின் கொலை வழக்கு விசாரணைக்கு வந்தது. பஞ்சாங்கம் ஒன்றில் காணப்பட்ட கறை, முன்பே தண்டனை பெற்றிருந்த காங்காலி சரண் என்பவரின் வலக்கைப் பெருவிரலுடன் பொருந்தியது. நீதிமன்றம் திருட்டுக் குற்றத்துக்குத் தண்டனை அளித்தது. கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. பஞ்சாங்கத்தை அவர் தொட்டார் என்பதை ரேகை காட்டும். கொன்றவர் அவரே என்பதை அது மட்டும் காட்டாது. நூறாண்டுகளுக்கு மேல் கடந்தும் புதிதாகப் பணிக்கு வருபவர் முதலில் கற்க வேண்டிய வேறுபாடு இதுவே. 1899இல் இந்தியச் சாட்சியச் சட்டம் திருத்தப்பட்டு, விரல்ரேகை பற்றிய நிபுணர் கருத்து ஏற்கத்தக்கதாயிற்று.

பணியில் சேர்தல்

தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் இப்பதவிக்குத் தேர்வு நடத்துகிறது. 2018ஆம் ஆண்டு அறிவிக்கையில் 202 இடங்கள் இருந்தன. அறிவியலில் இளநிலைப் பட்டம் கல்வித் தகுதியாகக் கோரப்பட்டது. தடய அறிவியல் படித்திருக்க வேண்டுமென்பதில்லை. இயற்பியல், வேதியியல், விலங்கியல் படித்தவர்களும் இப்பணிக்கு வருகின்றனர். பயிற்சிக்குப் பின்னரே ஒருவர் நிபுணராகக் கருதப்படுவார். தேசியக் குற்ற ஆவணப் பணியகத்தின் கீழுள்ள மத்திய விரல்ரேகைப் பணியகம், விரல்ரேகை நிபுணர்களுக்கென அனைத்திந்திய வாரியத் தேர்வையும் நடத்துகிறது.

தடய அறிவியல் துறையும் விரல்ரேகைப் பணியகமும் ஒன்றே என்ற கருத்து பரவலாக உள்ளது. தமிழ்நாட்டில் இவை வெவ்வேறானவை. வேலூரில் உள்ள வட்டாரத் தடய அறிவியல் ஆய்வகம் குருதி, நஞ்சு போன்றவற்றை ஆய்கிறது; விரல்ரேகை நிபுணர்கள் காவல்துறையைச் சேர்ந்தவர்கள். புலனாய்வு செய்யும் துறையிலேயே ஒப்பிடுபவரும் பணியாற்றுவது அவரது நடுநிலைக்கு ஒரு சோதனை எனலாம்.

நிகழ்விடப் பணி

இப்பகுதியில் இவர்கள் பெரும்பாலும் அழைக்கப்படுவது பூட்டிய வீட்டை உடைத்துத் திருடும் வழக்குகளுக்காகும். மோப்ப நாயைக் குழப்பத் திருடர்கள் மிளகாய்ப் பொடி தூவிச் செல்வதுண்டு. அது ரேகைக்குத் தடையன்று. ஆனால் அலுவலர் வருமுன் அண்டை வீட்டார் நுழைந்து பீரோவைத் திறந்து பார்ப்பது பெருந்தடை. கண்ணுக்குத் தெரியாத மறைரேகை என்பது வியர்வையும் எண்ணெய்ப் பசையும் கலந்த மெல்லிய படலமே; ஒரு துணி பட்டாலே அழிந்துவிடும். கோடையில் 40 பாகை செல்சியசைத் தாண்டும் வேலூர் வெயிலில் படலத்தின் நீர்ப்பகுதி விரைவில் உலர்ந்துவிடுகிறது. பின்னர் தூவும் பொடி ஒட்டுவதற்கு எஞ்சியிருப்பது எண்ணெய்ப் பசை மட்டுமே.

வண்ணம் பூசிய இரும்புப் பீரோ, கண்ணாடி, எவர்சில்வர்ப் பாத்திரம் போன்ற வழுவழுப்பான பரப்புகளில் மெல்லிய தூரிகையால் பொடி தடவி, தெளிந்த ரேகையை நிழற்படம் எடுத்த பின் ஒட்டுநாடாவால் பெயர்த்தெடுப்பர். காகிதத்தில் வியர்வை ஊறிவிடுவதால் அங்கு நின்ஐதரின் கரைசல் பயன்படுகிறது. அது வியர்வையிலுள்ள அமினோ அமிலங்களுடன் வினைபுரிந்து ஊதா நிறம் தருகிறது. வீட்டாரின் ரேகைகளையும் அன்றே பதிந்துகொள்ள வேண்டும். பீரோவில் கிடைப்பவற்றுள் பல வீட்டாருடையவையாகவே இருக்கும். அவற்றை நீக்காமல் தேடினால், குடும்பத் தலைவியின் பெருவிரலைத் திருடனுடையதாகக் கருதி நாட்கணக்கில் அலைய நேரிடும்.

தோலும் விரலும்

தோல் பதனிடும்போது முடியும் மேற்புறத் தோலும் நீக்கப்படுகின்றன. எஞ்சும் பரப்பில் முடி வளர்ந்திருந்த நுண்துளைகள் வரிசை வரிசையாகத் தெரியும். ஆட்டுத் தோலுக்கும் மாட்டுத் தோலுக்கும் இவ்வரிசை வேறுபடும். மெருகிடாத தோலில் பொடி தூவினால் அது ரேகையில் ஒட்டுவதற்கு முன் இத்துளைகளில் நிரம்பிவிடுகிறது. வியர்வையும் தோலுக்குள் உறிஞ்சப்பட்டுவிடுகிறது. எனவே பதனிட்ட தோலில் மனித ரேகையைத் தேடுவது, கோடு போட்ட தாளில் மற்றொரு கோட்டைத் தேடுவது போன்றது. நிறமியும் மெருகுப் பூச்சும் ஏற்றப்பட்ட காலணித் தோலில் நிலைமை மேம்படுகிறது. அதன்மீது சயனோஅக்ரிலேட்டு என்னும் உடனொட்டிப் பசையின் ஆவியைச் செலுத்தினால் ரேகை வெண்ணிறமாகப் படிய வாய்ப்புண்டு.

ஆம்பூரின் காலணித் தொழிற்சாலை ஒன்றில் சரக்கு திருடப்பட்டால், அறிந்த அலுவலர் முதலில் தோலை நாடமாட்டார். அதைச் சுற்றியிருந்த பாலித்தீன் உறை, அட்டைப் பெட்டி, பெட்டியை ஒட்டிய நாடா ஆகியவையே பயன் தரும். நாடாவின் பசைப் புறத்தில் பதிந்த ரேகையை ஊதாச் சாயக் கரைசலால் வெளிப்படுத்தலாம்.

விரல்களின் கதை வேறு. முடியை நீக்குவதற்காகத் தோலைச் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் கலந்த நீரில் ஊறவைப்பர். இக்கலவை முடியிலுள்ள கெரட்டின் என்னும் புரதத்தைச் சிதைக்கிறது. மனித விரலின் மேற்புறமும் கெரட்டினால் ஆனதே. வேதிப்பொருள் ஆட்டு முடியையும் தொழிலாளியின் விரலையும் பிரித்தறிவதில்லை. கையுறையின்றி இவ்வேலையைச் செய்வோரின் ரேகை மேடுகள் தேய்ந்து, மையிட்டுப் பதியும்போது வெறும் கறையாகவே விழுவதுண்டு. நியாய விலைக் கடைக் கருவியின் முன் விரலை மீண்டும் மீண்டும் துடைத்து வைக்க நேர்வதும் இத்தகைய விரல்களுக்கே. அங்குக் கருவிழிப் பதிவு போன்ற மாற்று வழிகள் உள்ளன. குற்ற வழக்கில் கிடைத்த ரேகைக்கு அத்தகைய மாற்று இல்லை.

எனினும் ரேகை நிலையாக அழிவதில்லை. அதன் வடிவம், கரு மூன்றிலிருந்து நான்கு மாத வளர்ச்சியில் இருக்கும்போதே மேற்றோலுக்கும் உட்டோலுக்கும் இடைப்பட்ட அடுக்கில் அமைந்துவிடுகிறது. மேற்பரப்பு மட்டும் தேய்ந்திருந்தால், வேலையிலிருந்து சில நாட்கள் விலகியதும் பழைய வடிவமே மீண்டும் வளரும். ஆழமான வெட்டோ தீக்காயமோ மட்டுமே நிலையான தழும்பை விடும். அத்தழும்பும் பின்னர் ஓர் அடையாளமாகிவிடும். ஆகவே மங்கலான பதிவு கிடைத்தால் சில நாட்கள் கழித்து மறுபடியும் பதிவதே சரியான முறையாகும். மங்கலான பதிவைக் கொண்டு எப்படியேனும் ஒரு முடிவு கூற முயல்வது தவறு. தேய்ந்த விரல் கொண்டவர் ரேகையை மறைக்க முயன்றவர் என்று கொள்வதும் தவறு. இவ்வட்டாரத்தில் அது பெரும்பாலும் உழைப்பின் தடமே.

ஒப்பீடு

ரேகை மேடு முடியும் இடம், இரண்டாகப் பிரியும் இடம், தீவு போல் தனித்து நிற்கும் துண்டு ஆகியவை நுண்கூறுகள் எனப்படும். இவற்றின் வகை, திசை, ஒன்றுக்கொன்று உள்ள இடைவெளி ஆகியவை இரு பதிவுகளிலும் ஒத்திருக்கின்றனவா என்று பார்ப்பதே ஒப்பீடாகும். எத்தனை நுண்கூறுகள் ஒத்திருக்க வேண்டும் என்பதை இந்தியச் சட்டம் வரையறுக்கவில்லை. நடைமுறையில் எட்டு என்பது பரவலான வழக்கு. இங்கிலாந்தில் 16 என்ற அளவு நெடுங்காலம் இருந்து, 2001இல் கைவிடப்பட்டது. எண்ணிக்கையைவிட முதன்மையானது வேறொன்று. விளக்க முடியாத ஒரே ஒரு வேறுபாடு இருந்தாலும், ஒத்திருக்கும் புள்ளிகள் எத்தனையாயினும் முடிவு விழுந்துவிடும்.

2022இல் தொடங்கப்பட்ட தேசியத் தானியங்கு விரல்ரேகை அடையாள முறைமை, நாடெங்கும் உள்ள பதிவுகளில் தேடி ஒத்த பதிவுகளை வரிசைப்படுத்தித் தருகிறது. முடிவு கூறுவது மனிதக் கண்ணே. பதிவுகள் பெருகப் பெருக, வேறொருவருடைய மிக நெருங்கிய ரேகை திரையில் தோன்றும் வாய்ப்பும் பெருகுகிறது. 2004இல் மத்ரித் தொடர்வண்டிக் குண்டுவெடிப்பில் கிடைத்த ரேகை ஒன்றைக் கணினி தந்த பட்டியலிலிருந்து எடுத்து, அமெரிக்காவின் கூட்டரசுப் புலனாய்வுப் பணியகம் ஒரிகான் மாநில வழக்கறிஞர் ஒருவருடையது என்று அறிவித்தது. ஒருவர் பின் ஒருவராக நிபுணர்கள் அதை உறுதிசெய்தனர். அவர் இரு வாரங்கள் காவலில் இருந்தார். பின்னர் எசுப்பானியக் காவல்துறை அது அல்சீரியர் ஒருவருடையது எனக் கண்டறிந்தது. முதல் நிபுணரின் முடிவை அறிந்துகொண்டே இரண்டாமவர் பார்த்தது பிழைக்கு ஒரு காரணமாகக் கூறப்பட்டது.

தொடக்க நிலை அலுவலர் தம் மேலதிகாரியின் முடிவை மறுக்கத் தயங்குவது இயல்பு. "ஒத்துள்ளது", "ஒத்திருக்கவில்லை" என்னும் இரண்டோடு "ஒப்பிடத் தகுதியற்றது" என்ற மூன்றாவது விடையும் உண்டு. வழக்கு நிலுவையில் இருக்கும்போது அந்த மூன்றாவது விடையை எழுதத்தான் துணிவு வேண்டும்.

நீதிமன்றத்தில்

2024 சூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 39ஆம் பிரிவு, விரல்ரேகை நிபுணரின் கருத்தை ஏற்கத்தக்கதாக்குகிறது. 1979இல் சஸ்பால் சிங் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் பெருவிரல் ரேகை அறிவியலைத் துல்லியமானது எனப் போற்றியது. ஆனால் 1997இல் முகமது அமான் வழக்கில், பித்தளைக் குவளையில் கண்ட ரேகையை ஏற்க மறுத்தது. குவளை கைப்பற்றப்பட்டு அனுப்பப்பட்ட விதத்திலும், ஒப்பீட்டுக்கான ரேகை நடுவர் முன்னிலையில் பெறப்படாததிலும் எழுந்த ஐயங்களே காரணம். ஒப்பீடு சரியாக இருந்தாலும், பொருள் கைமாறிய ஒவ்வொரு படியும் எழுத்தில் இல்லையெனில் பயனில்லை. குறுக்கு விசாரணையில் வழக்கறிஞர்கள் ரேகையைவிட உறையின் முத்திரையையும் தேதியையும் பற்றியே மிகுதியாகக் கேட்பதன் காரணம் இதுவாகும்.

ரேகைகளை எடுப்பதற்கான அதிகாரம், 1920ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக வந்த 2022ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறை (அடையாளங்காணல்) சட்டத்தில் விரிவாக்கப்பட்டது. பதிவுகள் 75 ஆண்டுகள் வரை வைத்திருக்கப்படும். முன் தண்டனை இல்லாதவர் விடுதலையானால், நீதிமன்றம் வேறாக ஆணையிட்டாலொழிய, அவரது பதிவு அழிக்கப்பட வேண்டும்.

பிற பணிகள்

காட்பாடி, சோலையார்பேட்டை இருப்புப் பாதைகளில் கிடைக்கும் அடையாளம் தெரியாத உடல்களின் ரேகையை எடுத்துப் பதிவுகளில் தேடுவதும் இத்தகைய அலுவலர்களின் பணியே. விறைத்த விரல்களுக்கு வளைந்த கரண்டி போன்ற தாங்கியில் காகிதத்தைப் பொருத்திப் பதிவர். நிலத் தகராறு வழக்குகளில், பழைய கிரயப் பத்திரத்தில் உள்ள இடக்கைப் பெருவிரல் பதிவு உரியவருடையதா என்ற கேள்வியும் நிபுணரிடம் வரும். "கைநாட்டு" என்பது எழுத்தறியாதவரை இகழும் சொல்லாக வழங்குகிறது. கையெழுத்தைப் போலியாக இடுவதைவிடக் கைநாட்டைப் போலியாக இடுவது மிகக் கடினம். அப்பதிவு மை மிகுந்து அப்பியிருந்தால் அதற்கும் "ஒப்பிடத் தகுதியற்றது" என்றே எழுதப்படும். வழக்கு மற்ற ஆவணங்களைக் கொண்டு நடக்கும்.